மழை பெய்தும்

34 நோட்டுகளையும் திருத்தி முடித்தபோது சனிக்கிழமைப் பொழுது சாய்ந்திருந்தது. அவற்றுள் 11 நோட்டுகளில் கதைநாயகன் குன்றக்குடி மலை ஏறினான், உச்சியில் முருகனைக் கும்பிட்டான், இறங்கி வந்து வீடு சேர்ந்தான். இரண்டு நோட்டுகளில் அந்த மலை பிரான்மலையாக இருந்தது. ஒன்றில் மட்டும், துணிச்சலான பையன் ஒருவன் தன் நாயகனை இமயமலைக்கே அனுப்பி, உச்சியில் பரோட்டாவும் வாங்கித் தந்திருந்தான். குற்றம் பிள்ளைகளுடையது அன்று. முந்தைய வாரம் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, கதை என்பது இப்படித்தான் ஏறும், இப்படித்தான் இறங்கும் என்று சொன்னவள் நான்தான்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 ஆகிய வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். அந்த மலைப் படம் எனக்கு ஒரு பயிற்சி வகுப்பில் கிடைத்தது. தொடக்கம், ஏறுமுகம், உச்சம், இறங்குமுகம், முடிவு என்று ஐந்து படிகள் கொண்ட அந்தப் படத்தை, கதை எழுதக் கற்றுக்கொடுப்பதற்கென்றே யாரோ வரைந்தது என்று நம்பிக்கொண்டு வந்தேன். 1863இல் குஸ்தாவ் ஃபிரைடாக் என்ற ஜெர்மானிய எழுத்தாளர், கிரேக்கத் துன்பியல் நாடகங்களையும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட மேடை நாடகங்களின் கட்டமைப்பை விளக்குவதற்காக முன்வைத்த வடிவத்திலிருந்து வந்தது அது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய நாடகாசிரியர்கள் எழுதியதை ஆராய்வதற்கு உதவிய படத்தை, சொந்தமாக ஒரு கதைகூட எழுதியிராத பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, இதை நிரப்பு என்றால் அது என்ன செய்யும்? மலையைப் பார்த்தது, ஏறியது.

பாடப்புத்தகத்தின் மேல் பழியைப் போடவும் மனம் வரவில்லை. 2018இல் ஆறாம் வகுப்புக்கும் 2019இல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் வந்த புதிய புத்தகங்களில், விரிவானம் என்ற தலைப்பில் வரும் கதைகளைப் பிள்ளைகள் நான் நடத்துவதற்கு முன்பே படித்துவிடுகிறார்கள். சிக்கல் எழுதும்போதுதான். குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக என்று ஒரு பயிற்சி நான் படித்த காலத்திலிருந்தே இருக்கிறது. வேடன், வலை, புறாக்கள், எலி என்று நான்கு சொற்களைக் கொடுப்பார்கள். அந்த நான்கு சொற்களிலேயே கதை முடிந்துவிட்டது. பிள்ளைக்கு மிஞ்சுவது இடைவெளிகளில் வினையெச்சங்களைப் போட்டு ஒட்டுகிற வேலைதான். ஒட்டி முடித்து, கீழே நீதி என்று ஒரு வரி எழுதி, அதன் அடியில் இரட்டைக் கோடு போட்டால் முழு மதிப்பெண்.

வினையெச்சம் என்று சொன்னேன். எனக்கு வழி திறந்தது அந்தச் சொல்லில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

குன்றக்குடி ஏறிய நோட்டுகளில் ஒன்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. காலையில் எழுந்து, பல் துலக்கி, குளித்து, சாமி கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, சைக்கிளை எடுத்து, பேருந்து நிறுத்தம் வந்து, சைக்கிளைப் பூட்டி, என்று தொடங்கிய வாக்கியம் 18 வரிகள் ஓடி, மலையிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கினாள் என்று ஒரே ஒரு வினைமுற்றில் போய் நின்றது. எண்ணிப் பார்த்தேன், 23 வினையெச்சங்கள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னால் ஒரு மரியாதையும் வந்தது. நம் மொழி இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. 'செய்து' என்ற வாய்பாடு ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்களைக் கோத்துக்கொண்டே போகும். எதற்காகச் செய்தாள், செய்ததால் என்ன ஆயிற்று என்று அது கேட்பதே இல்லை. இந்தப் பிள்ளைகளின் கதைகள் அசையாமல் கிடப்பதற்குக் காரணம் கற்பனைக் குறைவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது கற்பனைக் குறைவு அன்று; அவர்கள் நிகழ்ச்சிகளை இணைத்த விதம் ஒன்றே ஒன்றாக இருந்தது.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் எச்சம் நடத்த வேண்டிய முறை. நன்னூல் வினையெச்சத்துக்குப் பன்னிரண்டு வாய்பாடுகள் சொல்கிறது. அவற்றில் பாதி இன்று பேச்சிலும் எழுத்திலும் இல்லை. அவற்றைக் கடந்து போய், கரும்பலகையில் மூன்று வாக்கியங்களை எழுதினேன்.

மழை பெய்து கண்மாய் நிறைந்தது.

மழை பெய்ததால் கண்மாய் நிறைந்தது.

மழை பெய்தும் கண்மாய் நிறையவில்லை.

இரண்டாவது வாக்கியத்தில் உள்ளது இலக்கணப்படி வேறு வகை என்பது எனக்கும் தெரியும். கதைக்கு அந்தப் பாகுபாடு தேவைப்படவில்லை. முதல் இரண்டு வாக்கியங்களைப் படித்தபோது வகுப்பு வழக்கம்போல் அமைதியாக இருந்தது. மூன்றாவதைப் படித்து முடிக்கும் முன்பே கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "வரத்துக்கால அடைச்சுட்டாக டீச்சர்."

"யார் அடைச்சது?"

"வீடு கட்டிட்டாக."

வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது. இரண்டு மூன்று தலைகள் ஒரே திசையில் திரும்பி, திரும்பியது தெரியாத மாதிரி மீண்டும் பலகையைப் பார்த்தன. அந்த வீடு யாருடையது என்று அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் கேட்கவில்லை. ஆனால் பத்து வருடமாகக் கதை எழுதுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்த வகுப்பறையில், ஒரு 'உம்' கதையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

மழை பெய்தும் புழுக்கம் குறையவில்லை என்பது எதிர்மறை உம்மைக்கு நம் இலக்கணப் பாடங்களில் தரப்படுகிற எடுத்துக்காட்டு. நடந்திருக்க வேண்டியது ஒன்று, நடந்தது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் யாரோ, எதுவோ நிற்கிறது. அதைத்தான் பயிற்சி வகுப்புகளில் முரண் என்றும் மோதல் என்றும் சொல்லித் தருகிறார்கள். கதைக்கு மோதல் வேண்டும் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது சண்டைக்காட்சி எழுதும். நாலு ரவுடிகள் சுமோவில் வந்து இறங்குவார்கள். 'தும்' போட்டு ஒரு வாக்கியம் எழுது என்றால், வீட்டுக்குப் போய் யோசிக்கும்.

மூன்று வகுப்புகளிலும் ஆளுக்கு ஐந்து 'தும்' வாக்கியங்கள் எழுதிவரச் சொன்னேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நடந்ததாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மறுநாள் வந்தவற்றில் சில இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. அப்பா சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டும் தம்பி போனை வாங்கவில்லை. பொங்கலுக்குப் புதுச்சட்டை எடுத்தும் அண்ணன் பழையதையே போட்டான். கண் ஆபரேஷன் செய்தும் அப்பத்தா டிவிக்குப் பக்கத்தில் போய்த்தான் உட்காருகிறது. சிராவயல் மஞ்சுவிரட்டில் எங்கள் மாடு பிடிபடாமல் வந்தும் தாத்தா அழுதார்.

கடைசி வாக்கியத்தை எழுதியவன் ஆறாம் வகுப்பு. வாசித்துவிட்டு உட்காரப் போனவனை, ஏன் அழுதார் என்று வகுப்பே கேட்டது. அவன் சொல்ல வாயெடுத்தபோது நான் நிறுத்தினேன். சொல்லாதே, அதை எழுது, எங்கள் எல்லோரையும் கடைசிப் பக்கம் வரைக்கும் காக்க வை என்றேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதற்காக 30 பேர் காத்திருக்கிறார்கள் என்ற சுகத்தை ஒருமுறை ருசித்துவிட்ட பிள்ளைக்குக் கதைக் கட்டமைப்பு என்ற பாடத்தில் பாதி முடிந்துவிட்டது. வாடிவாசலில் தொடங்கி, துண்டை உதறிக் கூட்டம் கத்துவதை எழுதி, மாடு வீட்டுக்கு வந்ததும் தாத்தா கொம்பைத் தடவுவதை எழுதி, அது மாட்டுக்குக் கடைசி வருடம் என்பதை முடிவில் ஒரே வரியில் வைத்திருந்தான். கொஞ்சம் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவனிடம் சொல்லவில்லை.

இந்த முறைக்கும் நோய் உண்டு. ஒரு மாதத்தில் எல்லாக் கதைகளிலும் வரிக்கு வரி 'தும்' முளைத்தது. எழுந்தும் எழவில்லை, சாப்பிட்டும் சாப்பிடவில்லை என்று ஒருவன் எழுதினான். நன்றாகப் படித்தும் மதிப்பெண் வரவில்லை என்ற வாக்கியம் 14 நோட்டுகளில் இருந்தது. அது என் மேல் உள்ள புகாரே தவிர கதை இல்லை என்று சொல்லி, திருப்பிக் கொடுத்தேன். ஒரு கதைக்கு ஒரு 'தும்' போதும், அதுவும் கதைக்குள் எழுத்தில் வர வேண்டும் என்பதில்லை, எழுதுகிறவர் மனத்தில் இருந்தால் போதும் என்று பிறகு ஒரு கட்டுப்பாடு வைக்க வேண்டியிருந்தது.

உம்மையை விட மனம் வராமல், அதிலேயே இன்னும் கொஞ்சம் தோண்டினேன். நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. பிள்ளைகள் அளவு கடந்து பயன்படுத்துவது எண்ணும்மையை. அப்பாவும் அம்மாவும் அக்காவும் நானும் சித்தப்பாவும் காரைக்குடி போனோம் என்று தொடங்குவார்கள். அதற்குப் பிறகு கதை முடியும் வரை சித்தப்பாவுக்கு ஒரு வேலையும் இராது. எண்ணும்மையில் மட்டும் வருகிற ஆளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். "அக்காவ விட்டுட்டுப் போனா அடிப்பா டீச்சர்" என்றாள் ஒருத்தி. அக்கா அடிக்கும் என்றால் அக்காவுக்குக் கதையில் வேலை இருக்கிறது, கூட்டிக்கொண்டு போ என்று அனுமதி கொடுத்தேன்.

எச்ச உம்மை வேறு. சாத்தனும் வந்தான் என்பது அதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் உதாரணம். வாக்கியத்தில் சாத்தன் மட்டும்தான் இருக்கிறான். ஆனால் அவனுக்கு முன்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒற்றை 'உம்' சொல்லிவிடுகிறது. 'அன்று அவளும் அழவில்லை' என்று பலகையில் எழுதிவிட்டு, உங்களுக்கு என்னென்ன தெரிகிறது என்று கேட்டேன். வேறு யாரோ அழவில்லை, அழ வேண்டிய காரியம் ஒன்று நடந்திருக்கிறது, மற்ற நாள்களில் அவள் அழுவாள் என்று மூன்றையும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். எழுதாததை வாசிக்க வைப்பது எழுத்தாளரின் வேலை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. நான் கல்லூரியில் படித்தபோது தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன நூற்பா, 20 வருடம் கழித்து இப்படி வேலைக்கு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

சொல்லாமல் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்பில் ஒரு நல்ல சண்டை வந்தது. முடிவு முன்பே தெரிந்துவிட்டால் கதையை யார் படிப்பார்கள் என்று ஒருவன் கேட்க, பாதி வகுப்பு அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. உங்கள் ஊர்த் திருவிழாவில் என்ன நாடகம் போடுகிறார்கள் என்று கேட்டேன். வள்ளி திருமணம். போன வருடம்? வள்ளி திருமணம். அதற்கு முந்தைய வருடம்? சிரித்துவிட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் எழுதிய நாடகத்தை எங்கள் பக்கத்து ஊர்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய இன்றும் நடத்துகிறார்கள். முருகன் வள்ளியைக் கட்டிக்கொள்வான் என்பது தெரியாத ஒருவரும் அந்தக் கொட்டகையில் இல்லை. பிறகு எதற்குப் பாயைக் கொண்டுபோய் இடம் பிடிக்கிறீர்கள்? "நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும் டீச்சர். அதுல யாரு மடக்குறாகன்னு பாக்கணும்." போன வருடம் வந்த வள்ளி நாரதரைத் திணறடித்ததையும், நாரதர் ஆர்மோனியக்காரரைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்ததையும் அவன் நடித்தே காட்டினான். என்ன நடக்கும் என்பது தெரிந்த கதையில், எப்படி நடக்கும் என்பதற்காக ஓர் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சூட்டிலேயே சிலப்பதிகாரத்துக்கு முன்னுரையாக நிற்கும் பதிகத்தைச் சொன்னேன். வேங்கை மரத்தடியில் ஒரு பெண் நின்றாள், எங்கள் கண்முன்னே விண்ணுலகம் போனாள் என்று குன்றக் குறவர்கள் வந்து சொல்வதில் அது தொடங்குகிறது. அது கதையின் கடைசிப் பகுதியில் நடப்பது. பிறகு, கோவலன் எப்படிச் செத்தான், மதுரை எப்படி எரிந்தது என்பதை உடனிருந்த புலவர் சாத்தனார் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். அதற்கும் பிறகுதான் புகாரில் திருமணப் பந்தல் போடப்படுகிறது. முப்பது காதைகளில் முதல் காதை ஒரு கல்யாணம்; வாசிக்கிறவருக்கோ அந்த மாப்பிள்ளை கொலைப்படப் போகிறான் என்று தெரியும். மணமக்களை வாழ்த்துகிற வரிகளை அந்த அறிவோடு படித்துப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. முடிவை முதலிலேயே சொல்வது சோம்பேறித்தனம் என்று வாதாடியவன், "அது வேற மாதிரி பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

முடிவைப் பற்றி எனக்கு ஒரு பாடம் ஆத்தங்குடியிலிருந்து வந்தது. ஒரு மாணவனின் அப்பா அங்கே தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, பூவுக்கான வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு இறுக்கி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைப்பார்கள். பூ முதலில் விழுகிறது. ஆனால் கல்லைத் திருப்பி, கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும் வரை அதை முழுதாகப் பார்க்க முடியாது. நான் கேள்விப்பட்டிருந்த சங்கதிதான். ஆனால் முடிவு வரவில்லை என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த பக்கத்துப் பையனிடம், "பூவ மொதல்ல ஊத்துடா" என்று அவன் சொன்னபோது, நான் அரை மணி நேரம் விளக்கியிருக்கக்கூடியதை மூன்று சொல்லில் முடித்துவிட்டான். அன்று முதல், வாசிக்கிற வரிசையும் எழுதுகிற வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு எங்கள் வகுப்பில் அதுவே பெயர்.

மற்றவை எல்லாம் சில்லறை வேலைகள். முதல் வரைவில் எழுத்துப்பிழை திருத்துவதை நிறுத்திவிட்டேன். றகர ரகரத்தில் சிவப்பு மை விழுந்ததும் பிள்ளை அடுத்த கதையில் தனக்கு எழுத்துத் தெரிந்த சொற்களை மட்டும் போட்டு எழுதத் தொடங்கிவிடும். எழுதத் தடுமாறுகிறவர்கள் வாயால் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். கதை சொன்னவருக்கே சொந்தம். நீதி எழுதுவதற்குத் தடை. இந்தத் தடைக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது, அதுவும் பிள்ளைகளிடமிருந்து இல்லை. கதையைப் படித்துவிட்டு, இதில் என்னம்மா கருத்து இருக்கிறது என்று கேட்ட ஒரு பெற்றோரிடம் மஞ்சுவிரட்டுக் கதையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் கடைசிப் பக்கம் வரை நின்றுகொண்டே படித்தார். பிறகு அந்த மாட்டை எவ்வளவுக்குக் கொடுத்தார்களாம் என்று கேட்டார்.

செட்டிநாட்டில் ஆசிரியராக இருந்துகொண்டு, நடுவில் திறந்த முற்றம் வைத்த வளவு வீட்டைக் கதைக்கு உவமையாகச் சொல்லாமல் தப்ப முடியாது. நானும் தப்பவில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டின் படத்தைப் பலகையில் போட்டேன். கதவு நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முகப்பில் நிற்பவருக்குக் கடைசி வாசலின் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியும், கதையின் தொடக்கத்திலும் முடிவின் வெளிச்சம் அப்படித் தெரிய வேண்டும் என்று, முந்தைய இரவே யோசித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். எனக்கே அது மிகவும் பிடித்திருந்தது. ஏழாம் வகுப்பு, மதியத்துக்குப் பிந்தைய முதல் பாடவேளை.

"நாங்க அப்படிப் போகமாட்டோம் டீச்சர்" என்றாள், 23 வினையெச்சங்கள் எழுதிய அதே பெண்.

அவளுடைய அம்மா பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெருக்கித் துடைத்து வைக்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். முகப்புச் சாவி அவர்களிடம். இவர்களிடம் இருப்பது பின்வாசல் சாவி. "மொகப்புக் கதவு தொறந்து நான் பாத்ததே இல்ல டீச்சர். எங்களுக்கு அடுப்படிதான் மொத."

என் மலைப் படத்துக்கு நேர்ந்தது என் வீட்டுப் படத்துக்கும் நேர்ந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த வகுப்பில் இருக்கும் 30 பேரில் ஒருவர்கூட அப்படிப்பட்ட வீட்டில் முகப்பு வழியாக நுழைகிற குடும்பம் இல்லை. கொத்தனார், சமையல் வேலை, ஆட்டோ, வெளிநாட்டில் கூலி வேலை, காவல். ஒரு காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் லேவாதேவிக்குப் போனவர்கள் கட்டிய வீடுகள் அவை. இன்று கடல் தாண்டிப் போகிறவர்கள் வேறு ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் முகப்பிலிருந்து தொடங்கு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பலகையை அழித்துவிட்டு, நீ போகிற வழியிலேயே எழுதிக்கொண்டு வா என்றேன்.

நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தாள். அடுப்படியில் பத்து அடுப்பு இருக்கிறது, ஒன்றும் எரியவில்லை என்று தொடங்கியது அது. பரணில் கவிழ்ந்து கிடக்கும் அண்டாக்களில் வெட்டியிருக்கும் விலாசத்தை, அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளை, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அந்த மூன்று எழுத்துக்காரர் யார் என்று அம்மாவிடம் கேட்டு, பேசாமல் பெருக்கு என்று பதில் வாங்குகிறாள். இரண்டாம் கட்டு. பிறகு வளவு, சுற்றிலும் பூட்டிய அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறையாம், பூட்டுகள் மட்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. மேலே திறந்த வானத்திலிருந்து புறா இறங்கி வருகிறது. முகப்புப் பக்கம் போகாதே என்று அம்மா சொல்லியும் போகிறாள். அந்த 'தும்' அவள் எழுதியது. நான் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. ஏன் போகிறாள் என்றால், மூடிய கதவுக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்கிறது. வகுப்புப் பையன்கள் இருவர் திண்ணையில் உட்கார்ந்து, எங்கிருந்தோ பறித்துவந்த மாங்காயை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறார்கள். கதவிடுக்கில் வாயை வைத்து, மெதுவாக ஒரே ஒரு சொல் கேட்கிறாள்: எனக்கு?

மறுநாள் பள்ளிக்கூடத்தில், அந்த வீட்டில் மாங்காய் கேட்கிற பேய் இருக்கிறது என்று பையன்கள் இருவரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கதையின் கடைசி இரண்டு வாக்கியங்கள் இவை: எல்லோரும் பயந்தார்கள். நானும் பயந்தேன்.

அந்த 'நானும்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எச்ச உம்மைக்கு இனி நான் சாத்தனைத் தேடிப் போக வேண்டியதில்லை. அன்று இரவு, ஓர் அற்ப ஆசையில், பழைய மலைப் படத்தை எடுத்து அந்தக் கதையின் மேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. கட்டுக்குக் கட்டு ஏறுகிறது, 'எனக்கு?' என்பது உச்சி, பையன்கள் ஓடுவது இறக்கம். எழுதி முடித்த கதையின் மேல் வைத்துப் பார்க்க அது நல்ல படம்தான். பரணில் போட்டுவிட வேண்டிய அவசியமில்லை. எந்த வரியை முதலில் எழுதினாய் என்று மறுநாள் கேட்டேன். "கடைசி வரிய டீச்சர். பூவ மொதல்ல ஊத்திட்டேன்."

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பில் வாசித்தாள். திண்ணை வரும்போதே சிலருக்குப் புரிந்துவிட்டது. 'நானும் பயந்தேன்' என்று முடித்து நோட்டை மூடியதும் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே ஒருவன் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். இன்னொருவன் எழுந்து நின்றான்.

"நாங்க ஓடல டீச்சர். வேகமா நடந்தோம்."

"மூணு மாங்கா கெடந்துச்சு" என்றாள் அவள். "எடுக்க முடியல. கதவு பூட்டியிருந்துச்சு."

கூச்சல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. மணி அடித்து எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த இருவரில் ஒருவன் மட்டும் என் மேசைக்கு அருகே வந்து நின்றான். கதவுக்கு வெளியே என்ன நடந்தது என்று அவளுக்குப் பாதிதான் தெரியும், மீதியைத் தான் எழுதிக்கொண்டு வரலாமா என்று கேட்டான். திங்கட்கிழமை கொண்டு வரச் சொன்னேன்.